ஒரு நல்ல வாக்கியம்

தாளாளர் காசிராஜன் அந்தப் பாட்டைத் தாளைப் பார்க்காமலே சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி ஒரு சொல் தட்டாமல் சொன்னார்.

கம்மங் காட்டு வரப்பினிலே – மயில்
கழுத்தை நிமிர்த்தி நின்றதுவாம்
அம்மன் கோவில் சிலைபோல – நீ
அழகென நரியும் சொன்னதுவாம்

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "எம்புட்டு நாளா இத நம்ம ஸ்கூல்ல வச்சிக்கிட்டே தெரியாம இருந்திருக்கோம் டீச்சர்" என்றார்.

சுடலைச்செல்விக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது. கையில் சாக்பீஸ் துண்டு அப்படியே இருந்தது. ஏழாம் வகுப்பு வாசலில் வந்து நின்று அலுவலக உதவியாளர் பத்திரகாளி, கரஸ்பாண்டன்ட் சார் கூப்பிடுறாங்க என்று சொன்னதும் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வியாழக்கிழமை நடந்ததைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார், என்ன பதில் சொல்வது என்று தாழ்வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனால் அவர் வியாழக்கிழமை என்ற பேச்சையே எடுக்கவில்லை. விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பீங்கான் கோப்பையில் காப்பி வரவழைத்தார். பிறகு பாட்டைச் சொன்னார். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறாள். தான் எழுதிய ஒன்றை, பிள்ளைகள் வாயால் இல்லாமல் ஒரு பெரிய மனிதர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

கோவில்பட்டி வட்டாரத்தில் காசிராஜனைத் தெரியாதவர்கள் குறைவு. தாத்தா காலத்திலிருந்து தீப்பெட்டித் தொழில். நாலு ஆலைகளில் இரண்டை மூடிவிட்டு அந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்டியது இவர்தான். பெற்றோர்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். வேலையை விட்டு அனுப்புகிறவர்களிடம்கூட எழுந்து நின்று கும்பிட்டுத்தான் சொல்வார்.

அந்தப் பாட்டை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பு எழுதினாள். ஏழாம் வகுப்புக்கு அணி நடத்தும்போது, புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டுகள் பிள்ளைகள் மனதில் ஒட்டவில்லை. தாமரையும் அன்னமும் அவர்கள் பார்த்தவை இல்லை. மயிலை எல்லாருக்கும் தெரியும். சுற்று வட்டாரக் காட்டில் பாசிப்பயறு பூக்கிற நேரம் கூட்டம் கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகிற திருட்டுப் பறவை அது. அந்த மயிலை ஒரு நரி புகழ்கிறது. ஒரு பத்தியில் உவமை, ஒரு பத்தியில் உருவகம், ஒரு பத்தியில் உயர்வு நவிற்சி. தோகை விரித்தால் மேகம் இறங்கும் என்கிறது, நீ நடந்தால் கரிசல் பச்சையாகும் என்கிறது. மயில் நம்பித் தோகையை விரிக்கிறது. விரித்த தோகையோடு மயிலால் பறக்க முடியாது, ஓடவும் முடியாது.

விரித்த தோகை மடக்குமுன்னே – அதன்
விலாவில் பல்லுப் பட்டதுவாம்
சிரித்த வாயில் இறகொன்று – மெல்லச்
சிக்கிக் காற்றில் ஆடியதாம்

இந்தக் கடைசிப் பத்தியை நடத்தும்போது வகுப்பு சத்தமில்லாமல் இருக்கும். எது உவமை, எது உவமேயம் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் எதுகை என்று கேட்டுவிட்டு, முடிவில் ஒன்று சொல்வாள். நம்மள ஒருத்தர் புகழும்போது அணி அழகா இருக்கான்னு பாக்காதீங்க, அவுக எதுக்கு இப்பம் புகழுறாகன்னு பாருங்க. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

பாட்டை முதலில் படித்துப் பார்த்தது அறிவியல் ஆசிரியை பேச்சியம்மாள். கழுகுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அம்மா தீப்பெட்டி அடைத்து அடைத்துப் படிக்க வைத்த பெண், எம்.எஸ்ஸி. வேதியியல். சுடலைச்செல்வியைவிடப் பன்னிரண்டு வயது இளையவள் என்றாலும் ஆசிரியர் அறையில் இருவர் சாப்பாடும் ஒரே தட்டு மாதிரிதான். அன்றைக்குத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, நரி நல்லாப் பேசுதுக்கா, மயில்தான் ஒரு வார்த்தையும் பேசல, அது என்ன அம்புட்டு மக்கா என்று கேட்டாள். பிறகு மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, எதுகைக்காக இங்கன ஒரு மரத்த நட்டிருக்கீங்க, அந்த மரம் நம்ம பக்கத்துலயே கெடையாதே என்றாள். சுடலைச்செல்வி சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த மரத்தை எடுக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. மூன்றாவது பத்தி நடத்தும்போதெல்லாம் தொண்டையில் முள் மாதிரி நின்றது. பேச்சி சொன்னது சரி என்பதுதான் அந்த முள்.

வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளையில், எதிரே இருந்த ஆய்வகத்திலிருந்து அலறல் கேட்டது. சுடலைச்செல்வி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தாழ்வாரத்துக்கு வந்தபோது, அந்தக் கோடியில் கழிப்பறைக்குப் பக்கம் இருக்கும் தண்ணீர் டிரம்மில் பேச்சி குனிந்து நிற்பது தெரிந்தது. சுடலைச்செல்வி ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். ஒன்பதாம் வகுப்பு வெயிலம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டாள். சூடாக்கிய அமிலம் சோதனைக் குழாயிலிருந்து தெறித்துவிட்டது. குழந்தையைத் தூக்கித் கைகழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திருகினால் தண்ணீர் வரவில்லை. அந்தக் குழாய் மூன்று மாதமாக வறண்டு கிடந்தது. அதற்காகவே பேச்சி இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து மூலையில் வைத்திருப்பாள். அன்று காலை விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் புழுதி அடங்கத் தெளிக்கிறதற்கு அந்த இரண்டு வாளியையும் எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்த நொடி பேச்சி வந்தாள். கையில் அகப்பட்ட குப்பைக்கூடையில் தண்ணீர் மொண்டு, வழியெல்லாம் சிந்த, தன் சேலையெல்லாம் நனைய வந்தாள். பிறகு இன்னொரு முறை ஓடினாள். இன்னொரு முறை. குழந்தையின் கன்னமும் கையும் பிழைத்தன. வலது கண்ணைப் பற்றி மதுரைக்குக் கொண்டுபோன பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. காசிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"விசாரணைக்கு வாராவ டீச்சர். மொதல்ல ஓடிப்போனது நீங்கதான். நீங்க கண்டத ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். "வேற யாரு எழுதுனாலும் அது கடுதாசி. நீங்க எழுதுனா அது எழுத்து."

அந்த ஒரு சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, அது எழுத்து என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய அவள் எழுதிய நோட்டுகள் இருந்தன. பத்திரிகைகளுக்கு அனுப்பியது பதில் இல்லாமல் போனது, கல்யாணமான புதிதில் கணவனிடம் வாசித்துக் காட்டியபோது அவன் தூங்கிப்போனது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. நாற்பத்தொரு வயதில் ஒருவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ எழுதினால் அது எழுத்து என்கிறார்.

முதலில் எழுதியதில் எல்லாம் இருந்தது. குழாய் இருந்தது, வாளி இருந்தது, குப்பைக்கூடையும் நனைந்த சேலையும் இருந்தன. மறுநாள் காலையில் காசிராஜன் அதை மெதுவாகப் படித்தார். இரண்டு இடத்தில் தலையை ஆட்டினார். நல்ல ஓட்டம் என்றார். பிறகு பென்சிலை எடுத்து, இந்தக் குழாய்க் கதையும் வாளிக் கதையும் பிளம்பர் எழுத வேண்டியது, உங்கள் நடைக்கு இடிக்கிறது என்றார். பாட்டில் ஒரு சொல் அதிகம் இல்லாமல் எழுதிய கை இதில் ஏன் இத்தனை சாமான்களை அடுக்கியிருக்கிறது என்று வருத்தப்படுகிறவர் மாதிரிக் கேட்டார். தண்ணீர் எடுக்க ஓடினார் என்ற இடத்தில் பென்சில் நின்றது. நீங்கள் தாழ்வாரத்துக்கு வரும்போது அவள் குனிந்து நின்றாள், அவ்வளவுதானே கண்டீர்கள், எதற்குக் குனிந்தாள் என்பது உங்கள் யூகம்தானே என்றார். சுடலைச்செல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், ஆண்டு விழாவில் உங்கள் பாட்டையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட்டுவிடுவோம், அட்டையில் உங்கள் படம் வைப்போம் என்றார். வாய் மூடிக்கொண்டது. பிற்பாடு பல நாள் அந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். அவர் மிரட்டவில்லை. பொய் எழுதச் சொல்லவும் இல்லை. எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். எடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

மதியம் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து மறுபடி எழுதினாள். குழாயை எடுத்ததும் அடுத்த வரி லேசாகிவிட்டது. வாளியை எடுத்ததும் அதற்கடுத்த வரி முன்னுக்கு வந்துவிட்டது. உண்மையிலேயே ஓட்டம் கூடியிருந்தது. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை. காசிராஜனும் கேட்கவில்லை. அது தானாக வந்து பேனா முனையில் நின்றது.

'அறைக்குள் ஒரு பிஞ்சு துடித்துக்கொண்டிருக்க, அதைக் காக்க வேண்டிய கை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது.'

எழுதிவிட்டு உதடு அசையப் படித்தாள். பிஞ்சு, உருவகம். கை, ஆகுபெயர், ஆளைச் சொல்லாமல் உறுப்பைச் சொல்வது. முதல் பாதி உள்ளே, இரண்டாம் பாதி வெளியே, நடுவில் ஒரு மூச்சு. ஒரு சொல் எடுக்க முடியாது. பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேச்சி கோடியில்தானே இருந்தாள்.

காசிராஜன் அந்த வரிக்கு வந்ததும் கண்ணை மூடினார். "ஆகா" என்றார். அவ்வளவுதான். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் மணியாச்சியிலிருந்து கணவன் செண்பகராஜ் வந்ததும் அவனிடம் நகலை வாசித்துக் காட்டினாள். அவன் ரயில்வேயில் தண்டவாள வேலை. கை கழுவி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபடி கேட்டான். முடித்ததும், "அந்தப் பிள்ள எங்க போயிருந்துச்சாம்?" என்றான்.

"தண்ணி எடுக்க."

"அத எழுதலயே."

அவள் குழம்பை ஊற்றினாள். அது என் யூகம்தானே என்று சொல்ல நினைத்தாள். அவன் சாப்பிட்டு எழுந்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எல்லாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சி குழாயைப் பற்றிச் சொன்னாள். பழுது பார்க்கச் சொல்லித் தேவைப் பதிவேட்டில் மூன்று தடவை எழுதியிருப்பதாகச் சொன்னாள். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அலுவலகத்தில் அந்த நோட்டு இல்லை. குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. அதைச் சனிக்கிழமையே ஆள் வைத்துச் சரி பண்ணியிருந்தார்கள். சுடலைச்செல்வியின் முறை வந்தபோது அதிகாரி அவள் எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தார். ஆசிரியை எதற்காக வெளியே போனார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நேராக, மரியாதையாகத்தான் கேட்டார். காசிராஜன் அந்த அறையில் இல்லவே இல்லை. சன்னலுக்கு வெளியே, சொல்லி முடித்து வந்த பேச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் இதை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்த வரியை அவள் அழிக்க வேண்டியிருக்கும்.

"நான் கண்டத எழுதியிருக்கேன் சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பேச்சியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காசிராஜன் எழுந்து நின்று கும்பிட்டாராம். பேச்சி ஆசிரியர் அறைக்கு வந்து, அலமாரியிலிருந்து தன் சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். அவள் அந்தத் தாளை அதுவரை படித்திருக்கவில்லை. "வாரேங்க்கா" என்று எப்போதும் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். சுடலைச்செல்வி திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நிமிரவில்லை.

தாளின் நகல் வெயிலம்மாளின் தகப்பன் லிங்கராஜ் கைக்குப் போனது. காசிராஜனே அவர்கள் ஊருக்குப் போய், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், தாளையும் கொடுத்தாராம். லிங்கராஜுக்கு வாசிப்பு அவ்வளவாக வராது. டீக்கடையில் யாரோ வாசித்துக் காட்டினார்கள். பிஞ்சு என்ற இடத்தில் அந்த மனிதன் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரோ படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸப்பில் போட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களும் வந்தன. எழுதின டீச்சருக்கு நல்ல மனசு என்று ஒருவர் போட்டிருந்தார். சுடலைச்செல்வி அதை ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தாள்.

அதற்கு மறுவாரம் பத்திரகாளி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவளும் கழுகுமலைக்காரி. லிங்கராஜ் ஒரு மத்தியானம் பேச்சி வீட்டு முன்னால் வந்து நின்றான் என்றாள். கத்தவில்லை, வையவில்லை. பேச்சியின் அம்மா வெளியே வந்து என்னவென்று கேட்டதற்கு, உன் மகளை வரச்சொல்லு என்றான். பேச்சி வந்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தக் கைம்மா அது? காட்டு" என்றானாம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாளாம். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டானாம். பத்திரகாளி இதைச் சொல்லிவிட்டு, பாவம் அந்த மனுசன் என்றாள். யாரைச் சொன்னாலும் அவள் பாவம் என்றுதான் சொல்வாள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காசிராஜன் கூப்பிட்டார். மயில் பாட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடப்போகிறார்கள், தோகைக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றார். பிறகு, கடைசிப் பத்தி மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது என்றார். பெற்றோர் வந்திருக்கிற இடத்தில், சின்னப் பிள்ளைகள் மேடையில், பல்லும் விலாவும் எதற்கு? உங்களுக்கு இது ஒரு வேலையா டீச்சர், கை வைத்தால் வந்துவிடாதா என்றார். அவள் அங்கேயே, அவருடைய பேனாவை வாங்கி எழுதினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மழையின் துளிகள் விழும்போது – அந்த
மயிலும் நரியும் கைகோத்துத்
தழைந்த மரத்தின் நிழலினிலே – பாடித்
தாளம் போட்டு ஆடினவாம்

எதுகை சரியாக இருந்தது. மோனை சரியாக இருந்தது. அவர் ஆகா என்றார்.

விழாவில் மயிலும் நரியும் கைகோத்து ஆடியபோது கைதட்டல் ஓய நேரமானது. புத்தகம் வெளியிட்டார்கள். இருபத்துநாலு பக்கம், வழவழப்பான அட்டை. அட்டையில் பள்ளிக்கூடத்தின் படம் இருந்தது. உள்ளே தாளாளரின் வாழ்த்துரை ஐந்து பக்கம். அவள் படம் கடைசிப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது. முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வெயிலம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, இடது கண்ணும் மங்கல்தான் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். படி எது என்று தெரியாமல் காலால் துழாவினாள். காசிராஜன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, புத்தகத்தைக் கொடுத்து, புகைப்படக்காரர் பக்கம் அவள் முகத்தை லேசாகத் திருப்பினார். மறுபக்கம் சுடலைச்செல்வியை நிற்கச் சொன்னார்கள். படத்துக்குப் பல் தெரியச் சிரிக்கச் சொன்னார் புகைப்படக்காரர். அவள் சிரித்தாள். இறங்கும்போது வெயிலம்மாள் புத்தகத்தைத் திறந்து, இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், கடைசில மயில் செத்துப்போகும்லா? இதுல ஏன் சாகல?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறது. விழாவில் அவ்வளவு சத்தம் இருந்ததால் கேட்காத மாதிரி இருந்துவிட முடிந்தது.

அதோடு முடியவில்லை. தை மாதத்தில் பள்ளி வேன் ஒன்று சுவரில் இடித்தது. டிரைவரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. பிறகு மகப்பேறு விடுப்பு கேட்ட ஓர் ஆசிரியையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பீங்கான் கோப்பையில் காப்பி வந்தது. உங்க கை பட்டாத்தான் அது நிக்கும் டீச்சர் என்றார். இப்போதெல்லாம் ஆகா சொல்வதில்லை. படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. பாட்டு ஒன்றும் எழுத வரவில்லை. உட்கார்ந்தால் அறிக்கைதான் வந்தது.

வைகாசியில், புது வருஷத்துக்கான சீருடை தைத்து முடிந்துவிட்டதா, அளவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி அவளைப் புதியம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் தெருவுக்கு நாலு தையல் கூடம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் எல்லா வீட்டிலிருந்தும் மிஷின் சத்தம் கேட்டது. பெரிய தகரக் கூரைக்குக் கீழே முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெக்கையில் மின்விசிறி சுற்றியதே தெரியவில்லை. கூடத்துக்காரர் இசக்கிமுருகன் அவளை வரவேற்று, நீலக் கட்டம் போட்ட சட்டைகள் எல்லாம் முடிந்துவிட்டன, பொத்தான் ஓட்டை போடுகிற வேலை மட்டும் மிச்சம், அங்கே அந்தப் பிள்ளையிடம் போய்ப் பாருங்கள் என்று கை காட்டினார்.

அந்தப் பிள்ளை பேச்சி. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடப் பார்த்தாள். அதற்குள் பேச்சி பார்த்துவிட்டாள். மிஷினை நிறுத்தி எழுந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "உக்காருங்க" என்றாள்.

சுடலைச்செல்வி உட்கார்ந்தாள். பேச்சி இளைத்திருந்தாள். விரல் நுனிகளில் ஊசி பட்ட கறுப்புப் புள்ளிகள் இருந்தன. மற்ற பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்த்தாயா என்று கேட்க நினைத்தாள். கேட்க என்ன இருக்கிறது, வாட்ஸப் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்தான் போயிருக்கும். பேச்சிதான் முதலில் பேசினாள்.

"பாப்பா கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணாடி போட்டிருக்கா. போர்டுல எழுதுனா தெரியல. பக்கத்துல இருக்கவ வாசிச்சுச் சொல்லுதா."

பேச்சி தலையை ஆட்டினாள். ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்து நீவினாள். சுற்றிலும் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"பேச்சி, நான் அன்னைக்கு" என்று சுடலைச்செல்வி தொடங்கினாள். அதற்கு மேல் எந்த வாக்கியமும் வரவில்லை.

"எனக்கும் ஒரு நகல் குடுத்தாவக்கா" என்றாள் பேச்சி. "நாலஞ்சு தடவ படிச்சேன்."

சுடலைச்செல்வி தரையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நீங்க எழுதுனதுலயே அதுதான் நல்லா இருக்கு. இதுல எந்த மரத்தையும் சும்மா நட்டுவைக்கல. ஒரு சொல்ல எடுக்க முடியாது." அவள் குரலில் கோபம் இல்லை. ஆசிரியர் அறையில் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சொல்கிற அதே குரல்தான். "படிக்கப் படிக்க, நான் அன்னைக்கு எதுக்குத்தான் வெளிய போனேன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டுக்கா."

அவள் மிஷினை மறுபடி ஓட்டினாள். கட்டம் போட்ட துணி ஊசிக்குக் கீழே நகர்ந்தது. ஓட்டை விழுந்ததும் எடுத்து, சுற்றி நீட்டிக்கொண்டிருந்த பிசிறைக் கத்தரியால் வெட்டி உதறிவிட்டு அடுத்ததை வைத்தாள். அவள் அதற்குப் பிறகு நிமிரவில்லை. சுடலைச்செல்வி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. இசக்கிமுருகன் வந்து அளவெல்லாம் சரியா என்று கேட்டபோது, சரியாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தாள்.

கோவில்பட்டி பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஓட்டப்பிடாரம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான அம்மா, "மேலெல்லாம் நூலு கெடக்கு தாயி" என்றாள். குனிந்து பார்த்தாள். மடியிலும் முந்தானையிலும் நீலமும் வெள்ளையுமாக நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்து சன்னலுக்கு வெளியே போட்டாள். உழுது போட்டிருந்த கரிசல் காட்டின் மேல் அவை காற்றில் போயின. ஒன்று மட்டும் வரவில்லை. விரலில் சுற்றி இழுத்தாள். அது நீண்டுகொண்டே வந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "அது சேலையோட நூலு, இழுக்காத" என்றாள். சுடலைச்செல்வி இழுப்பதை நிறுத்தினாள். முந்தானையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது. நூலை விட்டால் தொங்கும். அறுக்கக் கையில் ஒன்றும் இல்லை. விரலில் சுற்றியதை அவிழ்க்காமல், இழுக்காமல், அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.